ஆறாத வால் புண்: கட்டுப் போட்டுக் காப்பாற்றுவதா, வெட்டி எடுப்பதா?

மருந்து போடுகிறோம், கட்டுப் போடுகிறோம், சில நாள் நன்றாக இருக்கிறது. அப்புறம் வேலைக்குப் போன ஆள் வீடு திரும்பிய சந்தோஷத்தில் நாய் ஒரே ஒரு தடவை வாலை வீசுகிறது, சுவரெல்லாம் ரத்தம் தெறிக்கிறது. ஒரு டாக்டர் வெட்டிவிடலாம் என்கிறார், இன்னொருவர் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? லேப்ரடார், கிரேட் டேன், டால்மேஷன் வளர்ப்பவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். நீளமான வால், குட்டையான முடி, வீசும்போது சாட்டை மாதிரி வேகம் என்பது இந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் பொது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்கான கட்டுக்கு ஒரு முறை, கெடு வைத்து, முழு வாய்ப்புக் கொடுங்கள். அதில் ஆறவில்லையென்றால் போதுமான உயரத்தில் ஒரே அறுவையில் முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே நுனியை மட்டும் கொஞ்சமாக நறுக்கிப் பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. நிறைய நாய்களைத் திரும்பத் திரும்ப அறுவை மேசைக்குக் கொண்டுபோவது அதுதான்.

## ஏன் ஆறாமல் நிற்கிறது

நாயின் வாலில் பெரும்பாலும் 20 சின்ன எலும்புகள் வரை இருக்கும், இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும். அடிவாலில் நல்ல தசை உண்டு. நுனிக்குப் போகப் போகத் தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை. தோல் கிட்டத்தட்ட எலும்பின் மேலேயே படிந்திருக்கிறது. உடம்பிலேயே ரத்த ஓட்டம் குறைவான இடங்களில் அதுவும் ஒன்று. வயிற்றிலோ தொடையிலோ காயம் பட்டால் சுற்றியிருக்கும் தளர்ந்த தோல் மெல்ல மெல்ல உள்ளே இழுத்துப் புண்ணை மூடிக்கொள்ளும். வால் நுனியில் அப்படி இழுப்பதற்குத் தோலே கிடையாது. புதிய தோல் ஓரத்திலிருந்து மயிரிழை மயிரிழையாக வளர்ந்து வந்துதான் மூட வேண்டும். அந்த மெல்லிய தோல் ஒரு அடி பட்டாலே பிய்ந்துபோகும், வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இதோடு நக்கலும் கடியும் சேர்கின்றன. நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று பலர் நம்புகிறார்கள். கரடுமுரடான நாக்கு புதிதாக வளரும் சதையைத் தேய்த்து எடுக்கிறது, வாயிலிருக்கும் கிருமியையும் உள்ளே விடுகிறது. இதில் ஆறுவதற்கு எதுவும் இல்லை.

மூன்றாவது காரணம் நம் கையில் இருக்கிறது. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு சேர்த்துப் புதிய செல்களையும் கொல்கின்றன. தினமும் ஊற்றிக்கொண்டிருந்தால் எந்தப் புண்ணும் ஆறாது. மஞ்சள்தூள் பொருக்காகக் காய்ந்து அடியில் சீழைப் பூட்டி வைக்கிறது. கழுவுவதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் போதும். பொவிடோன் அயோடின் வைத்திருந்தால் வெளிர் டீ நிறம் வரும்வரை தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

## முடிவெடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதல் கேள்வி, நுனி உயிரோடு இருக்கிறதா என்பது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்து, துடைக்கும்போது சிவப்பாகக் கசிந்தால் உயிர் இருக்கிறது. கறுத்து, குளிர்ந்து, கட்டையாகி, நாற்றம் அடித்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. எந்தக் கட்டும் அதை மீட்காது. எலும்பு வெளியே தெரிந்தாலும், உறை கழற்றியது போல் தோல் முழுதாக உரிந்து வந்திருந்தாலும் அறுவை பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

அடுத்தது எக்ஸ்ரே. புண் நெடுநாளாக இருந்தால் எலும்புக்குள் கிருமி இறங்கியிருக்கலாம். மேலே ஆறுவது போலக் காட்டி, ஓட்டை விழுந்து திரும்பத் திரும்பச் சீழ் வந்தால் சந்தேகமே அதுதான். எலும்பில் சீழ் இருக்கும்போது மேலே களிம்பு தடவுவது காலத்தை வீணாக்கும் காரியம்.

மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்: இது வெறும் புண்தானா? நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். எர்லிகியா என்ற அந்தக் கிருமி ரத்தத் தட்டுகளைக் குறைத்துவிடும், சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு இருந்தாலும் புண் ஆற நாளாகும். வயதான நாயின் வாலில் கட்டி இருந்து, அதன் மேல் தோல் உடைந்து, புண் என்று பெயர் வாங்கியிருக்கலாம். தெள்ளுப்பூச்சி அலர்ஜியால் அடிவால் அரித்து நாய் தானே கடித்துக்கொண்டால், கடியை நிறுத்த தெள்ளைத்தான் ஒழிக்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் புண்ணின் ஓரத்திலிருந்து எடுத்த சிறு சதையும் இவற்றில் பெரும்பாலானதைச் சொல்லிவிடும். வால் தொங்கிப்போய், மூத்திரமும் தானாகச் சொட்டினால் அடிவால் நரம்பில் அடி பட்டிருக்கலாம். அதற்கு நாள் கடத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பிறகு நாயின் வயது, இதயம், சிறுநீரகம். இவை மயக்க மருந்து கொடுக்கலாமா என்பதைத் தீர்மானிப்பவை.

வீட்டையும் பாருங்கள். பகலில் ஆள் இருக்கிறாரா? நாய் புழங்கும் இடம் ஒடுக்கமான நடையா, விசாலமான முற்றமா? வால் எங்கே அடிபடுகிறது என்று ஒரு நாள் கவனித்தாலே தெரிந்துவிடும். கட்டில் ஓரம், கிரில் கேட், கூண்டுக் கம்பி, சமையலறை வாசல் என்று ஒரே இடத்தில்தான் ரத்தப் புள்ளிகள் திரும்பத் திரும்ப இருக்கும்.

கடைசியாகச் செலவு. ஒரு தடவை டாக்டரிடம் போவதற்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால் கட்டு எப்போதும் மலிவாகத் தெரியும். அது எத்தனை தடவை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## வழி ஒன்று: கட்டும் பாதுகாப்பும்

வாலில் கட்டு நிற்பதில்லை என்பார்கள். சரியாகப் போட்டால் நிற்கும். புண்ணின் மேல் ஒட்டாத காஸ் துணி, அதன் மேல் மெல்லிய பஞ்சு, அதன் மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மீள்தன்மைக் கட்டுத்துணி. தொடங்கும் முன்பே வாலின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளாஸ்திரி ஒட்டி, நுனியைத் தாண்டி விட்டுவைக்க வேண்டும். கட்டு முடிந்ததும் அந்த நுனிகளை மேல்நோக்கி மடித்துக் கட்டின் மேலேயே ஒட்டினால் வீசினாலும் கழன்று பறக்காது. புண் நுனியில்தான் என்றாலும் கட்டு வாலின் பாதி வரை போக வேண்டும்.

இதற்கு மேல் ஒரு கவசம். ஏசி மெக்கானிக்குகள் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாய் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாலின் பருமனுக்கு ஏற்ற துண்டை எடுத்து, நுனிக்கு அப்பால் இரண்டு மூன்று விரல்கடை நீளும்படி மாட்டி, காற்றுப் போகச் சில துளைகள் போட்டு, மேல் விளிம்பில் முடியோடு சேர்த்து ஒட்டலாம். அடி நுரையில் விழும், புண்ணில் விழாது. சில டாக்டர்கள் பெரிய சிரிஞ்சின் பிளாஸ்டிக் கூட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது கடினமாக இருப்பதால் உள்ளே பஞ்சு நிறைய வேண்டும்.

நக்காமல் கடிக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கட்டாயம். பாவமாக இருக்கிறது என்று இரவில் கழற்றினால் காலையில் கட்டு இருக்காது. நீண்ட வாலுள்ள நாய்க்குச் சாதாரண அளவுக் கூம்பு போதாமல் போகலாம், வால் நுனி வாய்க்கு எட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கசிவு இருக்கும்வரை கட்டைத் தினம் மாற்ற வேண்டும். உள்ளே சிவந்த, மணல் மணலான சதை வந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். கட்டு நனைந்தால் நேரம் காலம் பார்க்காமல் மாற்றுங்கள். ஆன்டிபயாடிக் எல்லாப் புண்ணுக்கும் தேவையில்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று வகை கொடுத்தும் சீழ் நிற்கவில்லையென்றால் நான்காவதைத் தொடங்கும் முன் சீழை கல்ச்சர் பரிசோதனைக்கு (எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வலிக்கு நம் வீட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ கெடுக்கக்கூடியவை. நாய்க்கு என்றே வலி மருந்துகள் இருக்கின்றன, எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவார்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. இறுக்கிக் கட்டினால் நல்ல வாலும் செத்துப்போகும். இரண்டு அங்குலம் போக வேண்டிய இடத்தில் அரை வால் போய்விடும். கட்டுக்கு மேலே வீக்கம், குளிர்ச்சி, கெட்ட வாடை, திடீரென்று கட்டையே கடித்துக் குதறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது, முடிக்குள் மறைந்து அறுத்துவிடும். கட்டைக் கடித்து விழுங்கிய நாய்க்குக் குடலடைப்பு வந்து வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். இதற்கெல்லாம் மேலாக, ஒருவர் தினமும் நேரம் ஒதுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைத் தொடங்கும்முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

புண் புதிது, தோலோடு நிற்கிறது, அடிபட்ட காரணம் ஒரு தடவை நடந்தது, நாய் சாது என்றால் இந்த வழிதான் முதலில். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள வயதான நாய்க்கும் இதைத்தான் முடிந்தவரை முயல வேண்டும். கெடுவாக மூன்று முதல் நான்கு வாரம் வையுங்கள். வாரம் ஒரு முறை புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். இரண்டாவது வாரப் படத்தில் புண் சுருங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதே அளவில் நின்றால் கட்டும் முறையை டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். நான்காவது வாரத்திலும் அதே கதை என்றால் இந்த வழியை விட்டுவிடலாம். அந்த நான்கு வாரமும் வீட்டுக்கு வந்ததும் கொஞ்சிக் கூத்தாடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெட்டவெளியில் வைத்துக் கொஞ்சுங்கள். சொல்வது எளிது, செய்வது கஷ்டம், ஆனால் இதில் பாதி வெற்றி இருக்கிறது.

## வழி இரண்டு: நுனியை மட்டும் நறுக்கித் தைப்பது

கேட்பதற்கு நன்றாக இருக்கும். சின்ன அறுவை, ஓரிரு எலும்பு மட்டும் போகும், வாலின் அழகு கெடாது, செலவும் குறைவு. கட்டுப் போட்டுச் சலித்த வீட்டார் இதைத்தான் டாக்டரிடம் வற்புறுத்திக் கேட்கிறார்கள்.

ஆட்டிச் சுவரில் அடித்ததால் வந்த புண்ணுக்கு இது சரிப்படாது. வாலின் நீளம் அநேகமாக அப்படியே இருக்கிறது, சுவரும் அதே இடத்தில் இருக்கிறது. முன்பு வெறும் தோல் அடிபட்டது, இப்போது தையல் போட்ட தோல் அடிபடும். அதுவும் ரத்த ஓட்டம் குறைந்த, ஏற்கெனவே கெட்டுப்போன தோலின் விளிம்பில் போட்ட தையல். பிரிந்தால் இன்னொரு அங்குலம், அதுவும் பிரிந்தால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி மயக்க மருந்து, தனிக் கூம்பு, தனி வலி. மூன்று சிறு அறுவைகளின் செலவைக் கூட்டிப் பார்த்தால் முதலிலேயே செய்திருக்க வேண்டிய பெரிய அறுவையைத் தாண்டிவிடும்.

இது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. கேட்டில் மாட்டியோ கதவில் நசுங்கியோ நுனி மட்டும் போய்விட்டது, மற்றபடி வாலைச் சுவரில் அடிக்கும் வழக்கமே இந்த நாய்க்கு இல்லை என்றால், செத்த பகுதியை எடுத்துவிட்டு நல்ல தோலில் தைப்பது போதும்.

## வழி மூன்று: போதுமான உயரத்தில் எடுத்துவிடுவது

மயக்கம் கொடுத்து, அடிவாலில் தற்காலிகமாக ரத்தத்தை நிறுத்தும் கட்டுப் போட்டு, இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மூட்டில் வாலைப் பிரிப்பார்கள். தோலை எலும்பைவிட நீளமாக விட்டு வெட்டி, எலும்பின் முனையை இழுவிசை இல்லாமல் மூடித் தைப்பார்கள். தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள். முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி அடிப்பாகத்தை மரத்துப்போகச் செய்யும் முறையும் இந்த அறுவைக்கு ஏற்றது. அதோடு சேர்க்கும்போது மயக்க மருந்தின் அளவைக் குறைக்க முடியும் என்பதால், வயதான நாய் என்றால் அது சாத்தியமா என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த உயரத்தில் என்பதுதான் முக்கியமான பேச்சு. மீதி வாலை முழு வேகத்தில் ஆட்டினாலும் அதன் முனை பக்கவாட்டில் போய்ச் சுவரைத் தொடக் கூடாது. பெரிய நாய்களில் இதற்குப் பாதி வாலுக்கும் மேல் போக வேண்டியிருக்கும். ஆசனவாய் மறையும் அளவு விட்டுவைப்பது வழக்கம், தோற்றத்துக்கும் அது நன்றாக இருக்கும். டாக்டர் உயரமாகச் சொல்லும்போது, இன்னும் கொஞ்சம் விட்டுவையுங்கள் என்று கெஞ்சாதீர்கள். அந்தக் கொஞ்சம்தான் மறுபடியும் அடிபடும். சந்தேகமான கட்டி இருந்தால் வெட்டிய பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். புற்று என்று தெரிந்தால் எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பதே வேறு கணக்கு.

இதிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு. அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை, வலி மருந்து, இரண்டு வாரக் கூம்பு, தையல் பிரிக்கும்வரை குதிக்காமல் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். தரையில் உட்காரும்போது தையல் உராயும். சில நாய்களுக்குத் தையல் பிரியும், சிலவற்றுக்குக் கிருமித் தொற்று வரும். அபூர்வமாக வெட்டிய நரம்பு நுனி முடிச்சாகி, ஆறிய பிறகும் நாய் அந்த இடத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டார் பயப்படுவது இதற்கெல்லாம் இல்லை. நாய் தடுமாறுமா, மற்ற நாய்களோடு பழகுமா, குணம் மாறிவிடுமா என்றுதான். நடை, ஓட்டம், படி ஏறுவது எதிலும் பெரும்பாலான நாய்கள் சீக்கிரம் பழகிவிடுகின்றன. பிற நாய்களோடு பேசுவதில் ஒரு இழப்பு உண்மையாகவே உண்டு, அதை மறைத்துச் சொல்லக் கூடாது. பழகாத நாய்கள் வாலைத் தூரத்திலிருந்து பார்த்துத்தான் மனநிலையை எடைபோடுகின்றன. காது, முகம், உடம்பு நிற்கும் விதம் மீதிப் பேச்சைப் பேசும். ஒரு வருஷமாக நுனியில் எரியும் புண்ணோடு திரிந்த நாய் வலி போன பிறகு எப்படி மாறுகிறது என்று பார்த்தவர்கள், குணம் மாறியது என்றால் நல்லபடியாகத்தான் என்பார்கள்.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். குட்டிகளுக்கு அழகுக்காக வால் வெட்டுவதையும் ரப்பர் மாட்டி உதிரவிடுவதையும் நான் ஒரு நாளும் ஆதரிக்க மாட்டேன். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றமாகவே பார்க்கிறது. நோய்க்காகக் கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லை.

நுனி செத்துவிட்டது, எலும்பு தெரிகிறது, எலும்பில் சீழ், தோல் உரிந்துவிட்டது, கட்டி சந்தேகம் என்றால் இந்த வழிக்கு நேராகவே வரலாம். ஒழுங்கான கட்டுக்குக் கெடு முடிந்தும் ஆறாத இளம் நாய்க்கும் இதுதான் நல்லது. தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகவில்லையென்றால் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கால்நடைக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளும் உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும், கட்டணம் தனியாரைவிடக் குறைவு.

## தெருநாய் என்றால்

மேலே சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகிறது. தினமும் கட்டு மாற்ற முடியாது, கூம்பு போட்டுத் தெருவில் விட முடியாது, ஈ மொய்க்கும் காலத்தில் திறந்த புண் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வளர்ப்பு நாய்க்குக் கடைசி வழியாக இருக்கும் அறுவை, தெருநாய்க்குப் பல நேரம் முதல் வழியாகவே இருப்பது நியாயம். காப்பகத்தில் இரண்டு வாரம் வைத்துக்கொள்ள இடம் கிடைத்தால் மட்டுமே செய்யுங்கள், அறுவை முடிந்த அன்றே தெருவில் விடுவது கொடுமை. கருத்தடை செய்யாத நாய் என்றால் ஒரே மயக்கத்தில் அதையும் முடிக்க முடியுமா என்று கேட்கலாம், நாயின் உடல்நிலை பார்த்து டாக்டர் சொல்வார்.

புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில், பொடித்த பாச்சை உருண்டை எதையும் போடாதீர்கள். புழு சாகிறதோ இல்லையோ, நாயின் உடம்பில் விஷம் ஏறும். கால்நடை மருந்துக் கடையில் புழுப் புண்ணுக்கென்றே ஸ்பிரே கிடைக்கும். அதை அடித்துச் சற்று நேரம் விட்டு, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, சலைனில் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

வலியில் இருக்கும் நாய், எவ்வளவு பழகியதாக இருந்தாலும் வாலைத் தொட்டால் கடிக்கும். துணியாலாவது வாயைக் கட்டிய பிறகே தொடுங்கள், மூச்சு வாங்க இடம் இருக்கட்டும். தெருநாய்களுக்குத் தொடர்ந்து உதவுபவர்கள் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.